ரெண்டு சீட்டா, நாலு சீட்டா

ரெண்டு வண்டியையும் வச்சிருந்தவன்னு அந்த சேல்ஸ்காரர் என்னைக் கைகாட்டி விட்டுட்டாராக்கும்? உட்காருங்க சார். பின்னால ஒர்க்ஷாப்புல என் வண்டிக்கு பிரேக் பேடு மாத்திட்டு இருக்காங்க, இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுமாம். பிரேக் பேடுக்காகவா தூத்துக்குடியில இருந்து மெட்ராஸ் வரைக்கும் வந்தீங்கன்னு கேக்காதீங்க. அங்க இந்த வண்டியைத் தொட ஆள் இல்ல. அதோட எனக்கு வீட்டுலயும் பெரிசா ஒண்ணும் வேலை இல்ல.

உங்க கேள்வி என்ன? தினம் ஆபீசுக்கும் போகணும், மாசம் ஒரு தடவை ட்ராக்குல போட்டு விரட்டவும் செய்யணும். போர்ஷே கேமன் எடுக்கவா, பி.எம்.டபிள்யூ எம்-டூ எடுக்கவா. அதானே? இதே கேள்வியை நான் ஒரு வருஷம் கேட்டேன் சார். நடுக்கடல்ல உட்காந்து கேட்டேன்.

என் பேரு ஆல்பன் மோத்தா. சரக்குக் கப்பல்ல சீஃப் இன்ஜினியர். முப்பத்தஞ்சு வருஷம். எவ்வளவு பெரிய இன்ஜின் தெரியுமா, மூணு மாடி உசரம். ஆனா கப்பல் என்ன வேகத்துல போகும்? மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர். சைக்கிள்காரன் முந்திட்டுப் போயிருவான். முப்பத்தஞ்சு வருஷம் அந்த வேகத்துல போனவன் கரைக்கு வந்தா என்ன வாங்குவான் சொல்லுங்க. கடைசி காண்ட்ராக்ட்ல ஒரு நோட்டுப் போட்டு எழுதுனேன். இந்தப் பக்கம் கேமன், அந்தப் பக்கம் எம்-டூ. கேமனுக்கு இன்ஜின் நடுவுல, சீட்டுக்குப் பின்னால. ரெண்டே சீட்டு. வளைவுல நீங்க நினைக்கிறதுக்கு முந்தியே திரும்பும். எம்-டூவுக்கு இன்ஜின் முன்னால, ஆறு சிலிண்டர், நேர் ரோட்டுல பறக்கும், கியரை நம்ம கையாலயே போட்டுக்கிடலாம். பின்னால ரெண்டு சின்ன சீட்டு உண்டு. கேமன் ட்ராக்குக்கு, எம்-டூ தினசரிக்கு. எழுதுறது சுலபம். ஆனா ரெண்டுல ஒண்ணுதானே வாங்க முடியும்.

சரி, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு, ரிடையர் ஆகி வந்த மறுமாசம் அவளையும் கூட்டிட்டு எல்லாக் கம்பெனி வண்டியும் விக்கிற இதே இடத்துக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரி பேரு ஜெசிந்தா. பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளைங்க இல்ல எங்களுக்கு. ஒண்ணு நின்னுது, ஆறாவது மாசத்துல போயிட்டு. நான் அப்ப பிரேசில்ல சாண்டோஸ் துறைமுகத்துல நிக்கேன், சர்க்கரை ஏத்திட்டு இருக்கோம். மாத்து ஆள் கிடைக்கல. ஊருக்கு வந்து சேர மூணு மாசம் ஆச்சு. வந்து பாத்தா அவ எப்பவும்போல ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கா. தைரியசாலி சார் அவ. நான்தான் ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தேன்.

அத விடுங்க. இங்க வந்தோமா, ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்கி. ஜெசிந்தா சுத்திச் சுத்திப் பாத்தா. எம்-டூ கதவைத் திறந்து, முன்சீட்டைச் சாய்ச்சு, உள்ள குனிஞ்சு பின்சீட்டைத் தடவிப் பாத்தா.

"இதுல நாலு பேர் போகலாம்போல. இதையே எடுப்போமே"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "பின்னாடி யாரு உட்காரப் போறா? நமக்கென்ன பிள்ளையா குட்டியா?"ன்னேன். சேல்ஸ்காரரும் சிரிச்சாரு. அவ அந்த சீட்டை நேராக்கி விட்டுட்டுக் கதவைச் சாத்துனா. மெதுவாத்தான் சாத்துனா. "உங்க இஷ்டம்"னா.

அதுக்கப்புறம் ரயில்ல ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பேச்சே இல்ல. இங்க ஏ.சி. கொஞ்சம் அதிகம்லா சார், அவளுக்கு ஏ.சி. ஆகாது, தலைவலி வந்துரும்.

கேமனை எடுத்தேன். மஞ்சள் கலரு. ரெண்டே சீட்டு, அவளும் நானும். முப்பத்தோரு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்து இருந்த நாளைக் கூட்டிப் பாத்தா பத்து வருஷம் தேறாது. இனி நீயும் நானும் மட்டும்தான்னு சொல்ற மாதிரி ஒரு வண்டி. நான் அப்படி நினைச்சுத்தான் வாங்குனேன் சார். அவகிட்ட அதைச் சொன்னேனான்னு கேக்கீங்களா? வண்டியே ரெண்டு சீட்டுதானே, அதுலயே தெரியாதா?

தினசரிக்கு எப்படின்னு கேட்டீங்கள்லா. தூத்துக்குடியில உப்பு லாரிக்கு நடுவுல கேமனை ஓட்டிப் பாருங்க, லாரி டயர் நம்ம தலைக்கு மேல சுத்தும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஏணி மாதிரி சாய்ச்சு ஏத்தணும். அதுக்கு இன்ஜின் பின்னால இருக்கறதால முன்னால பானட்டுக்குள்ளயும் ஒரு டிக்கி உண்டு. அதுல ஐஸ் பெட்டி வச்சு, தினம் காலையில ஹார்பருக்குப் போய் மீன் வாங்கிட்டு வருவேன். ஊருக்குள்ள மீன் வாங்கப் போற ஸ்போர்ட்ஸ் கார் அது ஒண்ணுதான். ஜெசிந்தா பாத்துட்டு, "ரெண்டு பேருக்கு எவ்வளவு மீன்தான் திங்க முடியும்"பா. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துருவா.

அவ அந்த வண்டியில ஏறுனது மொத்தம் நாலே தடவை. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன், கப்பல் பழக்கம். முட்டி வலி அவளுக்கு. தரையோட தரையா உட்காரணும்லா, எந்திரிக்கச் சிரமம். அவகிட்ட ஒரு பழைய மாருதி உண்டு, பன்னிரண்டு வருஷம் ஆச்சு. கோயில்ல பாட்டுக் குழுவுல அவ இருக்கா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு அந்த மாருதியில நாலு பொம்பளைகளை ஏத்திக்கிட்டுக் கிளம்புவா. நான் பின்னாலேயே கேமன்ல போவேன். உள்ள எல்லாரும் கையைத் தட்டிப் பாடிட்டுப் போறது பின்கண்ணாடி வழியாத் தெரியும். சத்தம் கேக்காது. அவ முப்பதுக்கு மேல போகமாட்டா. கேமனை முப்பதுல ஓட்டுறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது சார்.

வீட்டுலயும் எனக்கு எல்லாம் பழகிக்கிடக் கொஞ்ச நாள் ஆச்சு. சீனி டப்பா எங்க இருக்குன்னு கேட்டா, "நீங்க உட்காருங்க, நான் தாறேன்"பா. விருந்தாளிக்குச் சொல்லுவோம்லா, அதே மாதிரி. மரியாதையானவ.

ட்ராக்குக்கு வருவோம். கோயம்புத்தூர் பக்கத்துல செட்டிப்பாளையத்துல ட்ராக் இருக்குல்லா, அங்க மாசம் ஒரு தடவை போவேன். முந்நூத்தி அம்பது கிலோமீட்டர். எல்லாம் இருபத்தஞ்சு முப்பது வயசுக்காரங்க, என்னை அங்கிள்னுவாங்க. ஹெல்மெட்டை மாட்டி வளைவுல விட்டீங்கன்னா சார், அந்த வண்டி ஒரு தனிப் பிறவி! ஸ்டியரிங்கை நினைச்சா போதும். இன்ஜின் சத்தம் முதுகுக்குப் பின்னால இருந்து வரும், யாரோ பின்னால நின்னு பேசுற மாதிரி.

ஜனவரியில பொங்கல் லீவுக்கு முந்தி ஒரு ட்ராக் நாள் வந்தது. ஜெசிந்தாவை வான்னு கூப்பிட்டேன். என்ன நினைச்சாளோ, வாறேன்னுட்டா. போனது நாலாவது தடவை, திரும்பி வாறதை அஞ்சாவதுன்னு எழுதலாம்னு இருந்தேன்.

அன்னைக்குத்தான் சார் என் வாழ்நாள் டைம். ஒரு சுத்துக்கு ஒரு நிமிஷம் பதினாலு செகண்ட். அந்தப் பையங்களே கைதட்டுனாங்க. ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டு அவகிட்டச் சொல்ல ஓடுதேன், உட்கார வச்ச இடத்துல ஆளைக் காணோம். பாத்தா, ஆபத்துக்குன்னு ஒரு ஆம்புலன்ஸ் நிப்பாட்டி வச்சிருப்பாங்கள்லா, அதோட படியில உட்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கா. பக்கத்துல ஆம்புலன்ஸ் நர்ஸ், சின்னப் பொண்ணு, வயித்துப் பிள்ளைக்காரி.

"ஜெசிந்தா, ஒண்ணு பதினாலு!"ன்னேன்.

"நல்லதுங்க. இது சுகந்தி. கோவில்பட்டி"ன்னா.

நான் போயி ஹெல்மெட்டை வச்சுட்டு, டயர்ல காத்து பாத்துட்டு, கிளம்பலாம்னு வந்தேன். அப்ப சொல்லுதா: "சுகந்தி இன்னைக்கு ஊருக்குப் போகணுமாம். பொங்கல் கூட்டம், பஸ்ஸுல சீட்டே இல்லையாம். நீங்க இவளை வண்டியில கூட்டிட்டுப் போயி கோவில்பட்டியில இறக்கி விட்டுருங்க. நம்ம வழிதானே. நான் பஸ்ஸுல வாறேன்."

"எத்தனை மாசம்?"னு கேட்டேன்.

"ஆறு"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு.

"ஆறு மாசப் பிள்ளைத்தாய்ச்சியை இந்த வண்டியில ஏத்தவா? ரோட்டுல ஒரு குழி விடாம இடுப்புல குத்தும். வழியில ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நான் பொறுப்பெடுக்க மாட்டேன்"னேன். தப்பா சார்? இன்ஜினியர் அப்படித்தான் யோசிப்பான்.

"அதுவும் சரிதான்"னா ஜெசிந்தா. சொல்லிட்டு என் வண்டியில இருந்து அவ பையை எடுத்தா. "அப்ப நான் இவகூட பஸ்ஸுல போறேன். கூட ஒரு ஆள் இருந்தா யாராவது எந்திரிச்சு இடம் கொடுப்பாங்க."

"என்கூட வரலையா நீ?"

"உங்களுக்குப் பாட்டுப் போட்டுக்கிடத் தெரியும்லா"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா.

நான் பாட்டெல்லாம் போடல. அஞ்சு மணி நேரத்துல வீடு. வழியில மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல. அவ மறுநாள் காலையில எட்டு மணிக்கு வந்தா. கோபமா இருப்பான்னு நினைச்சேன். இல்ல சார், முகம் அப்படித் தெளிவா இருக்கு. எங்கிட்ட "டிபன் ஆச்சா?"ன்னு மட்டும் கேட்டா. அப்புறம் அடுப்புல பாலை வச்சுட்டு, நாகர்கோவில்ல இருக்க அவ அக்காவுக்குப் போன் போட்டா. நான் ஹால்ல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தேன். திண்டுக்கல் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தது, அப்புறம் டிரைவர் பக்கத்துல இன்ஜின் மூடி மேல துண்டை விரிச்சு உட்கார வச்சது, கண்டக்டர் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தது, அந்தப் பொண்ணு இவ தோள்ல சாஞ்சு தூங்குனது. எல்லாத்தையும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுதா. எங்கிட்ட இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல.

"என் கையைப் பிடிச்சு வயித்து மேல வச்சா அக்கா. உள்ள அசையுது"ன்னா. அதோட சத்தத்தைக் காணோம்.

பால் பொங்கித் தீயுற வாடை வந்தது. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா, போனைக் காதுல வச்சபடியே சுவத்தைப் பாத்து நிக்கா. நான் அடுப்பை அணைச்சேன். அவ திரும்பல.

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது சார். சீட்டுதான் பிரச்சினை. அவ நாலு பேரோட பழகுனவ. அவளைப் போயி ரெண்டு சீட்டு வண்டியில அடைச்சா எப்படி? முதல்லயே அவ எம்-டூன்னுதானே சொன்னா. சரி, மாத்திருவோம்னு அவகிட்ட சொல்லாம இங்க வந்து கேமனைக் கொடுத்துட்டு எம்-டூவை எடுத்துட்டு வந்தேன். ஏப்ரல் மாசம். நீலக் கலரு. மெட்ராஸ்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் பின்சீட்டுல போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கல, அவ கையால பிரிக்கட்டும்னு.

வாசல்ல நிப்பாட்டி ஹாரன் அடிச்சேன். வந்து பாத்தா. சுத்தி வந்தா. "நல்லா இருக்கு"ன்னா.

"நாலு சீட்டு"ன்னேன்.

"ம்"னா. அப்புறம் வாசப்படியிலேயே நின்னுக்கிட்டுச் சொன்னா: "மே மாசம் எனக்கு ரிடையர்மென்ட்லா. ஏற்காட்டுல ஒரு கான்வென்ட் ஹாஸ்டல்ல வார்டன் வேணுமாம், மதர் கேட்டாங்க. ஜூன்ல வாறேன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா? நான் இங்க தனியா என்ன செய்ய?"

அவ கோபமா ஒண்ணும் சொல்லல. "நீங்க ஒவ்வொரு தடவை கப்பல் ஏறும்போதும் தனியா என்ன செய்யன்னு நான் கேட்டேனா?"ன்னா.

"அது வேலைலா"ன்னேன்.

"இதுவும் வேலைதான்"னா.

கொண்டு போய் விடுதேன்னேன். மலைப்பாதையில என் ஓட்டுக்குத் தலை சுத்தும்னு சொல்லிட்டு அக்காவும் அவளும் ரயில்ல போயிட்டாங்க. அந்த பிளாஸ்டிக் உறையை நான்தான் பிரிச்சேன்.

எம்-டூ எப்படின்னு கேட்டா, நல்ல வண்டி சார். தினசரிக்கு இதுதான். சும்மா கடைக்குப் போனாலும் முகம் சுளிக்காது. ட்ராக்குல வளைவுல கேமன் மாதிரி வராது, கொஞ்சம் கனம் தெரியும், ஆனா கியர் போடுற சுகம் இருக்கே! ஆனா நான் இப்ப ட்ராக்குக்குப் போறதில்ல. டைம் எடுத்தா யார்கிட்டச் சொல்ல?

ஆகஸ்ட்ல ஒரு நாள் மனசு கேக்கல. சொல்லாம கொள்ளாம கிளம்பி ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியர்ல போட்டு ஏத்துனேன் பாருங்க, இந்த வண்டியை வாங்குன பலன் அன்னைக்குத்தான் கிடைச்சுது. மேல ஹாஸ்டல் கேட்டுல வாட்ச்மேன் ஒரு நோட்டை நீட்டுனாரு. பேரு, ஊரு, யாரைப் பாக்கணும், என்ன உறவு. ஜெசிந்தான்னு எழுதி, கணவர்னு எழுதுனேன்.

வாட்ச்மேன் படிச்சுப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. "வார்டன் அம்மா வூட்டுக்காரருங்களா? கப்பல்ல இருக்கறவரு! எப்பங்க சார் கரைக்கு வந்தீங்க? நீங்க வர இன்னும் நாலஞ்சு மாசம் ஆகும்னு அம்மா போன வாரம்கூடச் சொன்னாங்களே!"

நான் பேனாவைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். கப்பல்ல இன்ஜின்ல ஏதாவது கோளாறுன்னா முதல்ல சத்தம் லேசா மாறும் சார். அலாரம் அப்புறம்தான் அடிக்கும். அந்த மாதிரி ஏதோ ஒண்ணு மாறுச்சு.

"நேத்துத்தான் வந்தேன்"னேன்.

அதுக்குள்ள படியில ஜெசிந்தா இறங்கி வாறா. ஸ்வெட்டர் போட்டிருக்கா. அஞ்சாறு பிள்ளைங்க அவளை ஒட்டிக்கிட்டு வருது. என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. ஒரு பிள்ளை, "மேம், இவங்கதான் ஷிப் அங்கிளா?"ன்னு கேட்டுச்சு.

அவ என்னைப் பாத்தா. முப்பத்தோரு வருஷத்துல ஜெசிந்தா பயந்து நான் பாத்ததில்ல சார். அன்னைக்குப் பாத்தேன். என்னைப் பாத்துப் பயப்படுதா.

"ஆமா. இவங்கதான்"னா.

விசிட்டர் ரூம்ல உட்கார வச்சாங்க. டீ வந்தது. பிள்ளைங்க சுத்தி நின்னுக்கிட்டுக் கேள்வியாக் கேக்குது. திமிங்கலம் பாத்திருக்கீங்களா, கப்பல்ல ஞாயித்துக்கிழமை லீவு உண்டா. அவ ஜன்னலோரமா நிக்கா. ஒரு பிள்ளை கேட்டுச்சு, "அங்கிள், மறுபடியும் எப்போ கப்பலுக்குப் போவீங்க?"

நான் டீயைக் கீழ வச்சேன்.

"இந்த மாசக் கடைசில ஏறணும்மா"ன்னேன்.

"எங்க?"

"ஆஸ்திரேலியாவுல நிலக்கரி ஏத்தணும். அங்க இருந்து ராட்டர்டாம்."

"எத்தனை மாசம்?"

"ஆறு."

ஜெசிந்தா ஜன்னலை விட்டுத் திரும்புனா. "ஆறு மாசமா?"ன்னா. முன்னால எல்லாம் ஒவ்வொரு தடவை நான் ஏறும்போதும் கேப்பாளே, அதே குரல்ல.

வண்டி வரைக்கும் கூட வந்தா. பிள்ளைங்களும் வந்துச்சு. என் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கி இருந்திருக்கு, அதை எடுத்துச் சரி பண்ணி விட்டா. "ராட்டர்டாம்ல குளிருமே, ஸ்வெட்டர் எடுத்து வச்சுக்கிட்டியளா?"ன்னு கேட்டா. பிள்ளைங்க பாத்துட்டு நின்னுச்சுல்லா, அதுக்காகவும் இருக்கலாம். எடுத்து வச்சிருக்கேன்னேன். "ஞாயித்துக்கிழமை போன் போடுங்க, எப்பவும்போல"ன்னா.

அப்படிச் சொல்லிட்டேன்ல சார், இனி பிப்ரவரி வரைக்கும் அந்தப் பக்கம் போக முடியாது. அந்த வளைவுல இறங்குனதுலதான் பிரேக் பேடு இப்படித் தேஞ்சிருக்கும்னு நினைக்கேன்.

ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி போன் போடுதேன். முத வாரம் என்ன பேசன்னு தெரியல. பக்கத்துல பிள்ளைங்க இருந்தா என்ன செய்யன்னு, "சரக்கு ஏத்தி முடிச்சாச்சு, கிளம்பிட்டோம்"னேன். அவ சிரிச்சுட்டா. "கடல் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா. சொன்னேன். அலை எவ்வளவு உசரம், சமையல்காரன் என்ன வச்சான், டெக்குல நின்னா எப்படி இருக்கும்னு. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் இதெல்லாம் அவகிட்டச் சொன்னதே இல்ல, அவளும் கேட்டதில்ல. இப்பக் கேக்கா. போன வாரம் நாப்பது நிமிஷம் பேசுனோம். பக்கத்துல பிள்ளைங்க இருந்துதான்னு நான் கேக்கல.

இன்னைக்கு ஞாயிறுல்லா. வண்டி எப்ப ரெடியாகும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சார். ஏழு மணிக்குள்ள சத்தமில்லாத இடமாப் பாத்து ஓரங்கட்டணும். நடுக்கடல்ல லாரி ஹாரன் கேட்டா கெட்டுப்போகும். நன்னம்பிக்கை முனையை இன்னைக்குத்தான் தாண்டுதோம்.